ஹெட்போனா, இயர்பட்டா? தினமும் கேட்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பாட்டு, பேச்சு, பாடம், போன் அழைப்பு என்று ஏதோ ஒன்றைத் தினமும் காதில் மாட்டிக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக மாற்றுவது என் வேலை. நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் காதில் ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் இரண்டு வகையோடும் நிறைய நாள் பழகியிருக்கிறேன். வாங்கப் போகும் முன் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்தான் இவை.

ஹெட்போன், இயர்போன், இயர்பட்: எது எது?

தலைக்கு மேல் ஒரு பட்டை, இரண்டு பக்கமும் மெத்தை வைத்த கிண்ணம். இது ஹெட்போன். கிண்ணம் காது மடலை முழுசாக மூடினால் ஓவர் இயர், மடலின் மேலேயே உட்கார்ந்தால் ஆன் இயர். காதுக்குள் வைப்பதெல்லாம் இயர்போன். அதிலேயே வயர் இல்லாமல், இடதும் வலதும் தனித்தனியாக, சின்ன டப்பாவில் சார்ஜ் ஆகிற வகையைத்தான் இன்று இயர்பட் என்கிறோம். 2016 டிசம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்த பிறகுதான் இது எல்லார் காதிலும் தெரிய ஆரம்பித்தது.

இயர்பட்டிலும் இரண்டு சாதி உண்டு. ரப்பர் முனை காதுத் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வது ஒன்று. முனை எதுவும் இல்லாமல் மடலின் குழியில் சும்மா உட்காருவது இன்னொன்று. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படுபவர்கள் அதிகம். கீழே வரும் பல பதில்கள் இதை வைத்துத்தான் மாறும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

பெரும்பாலும் எந்த இடத்தில் கேட்கிறீர்கள், ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பவர் என்றால் ஓவர் இயர் ஹெட்போன். நடந்துகொண்டும், பயணத்திலும், வேலைக்கு நடுவே அரை மணி அரை மணியாகவும் கேட்பவர் என்றால் ரப்பர் முனை வைத்த இயர்பட்.

இதற்குப் பின்னால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் கேட்கும் இடத்தில் எதைப் போட்டால் வால்யூமைக் குறைவாக வைத்தே தெளிவாகக் கேட்க முடிகிறதோ, அதை வாங்குங்கள். ஒலித்தரம், பேட்டரி, நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் வால்யூமையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஏனென்றால் வால்யூமை நாம் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருக்கும் இரைச்சல்தான் தீர்மானிக்கிறது. அமைதியான அறையில் பாதி வால்யூமில் ரசித்த அதே பாட்டை, ஓடும் பேருந்தில் ஏறியதும் நம்மை அறியாமல் நாலு படி ஏற்றிவிடுகிறோம். இறங்கியபின் குறைக்க மறந்துவிடுகிறோம்.

உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அதற்குள்தான் இருக்கின்றன, ஒரு காதுக்குச் சுமார் 15,000. பறவைகளுக்கு இவை திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. போனால் போனதுதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், டெசிபல் கணக்கு நேர்கோட்டில் போகாது என்பது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். 90ஐத் தொட்டால் நாலு மணி நேரம்தான். 100 டெசிபலில் வாரம் முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய 20 நிமிடம். வேகமாகப் போகும் விமானத்துக்குள்ளேயே 80 டெசிபலை ஒட்டி இரைச்சல் இருக்கும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமானால் எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இந்த மாதிரிக் கேட்கும் பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. வெளி இரைச்சலை உள்ளே விடாத ஒரு கருவி உங்களுக்கு 6 டெசிபல் மிச்சப்படுத்தினால், காது தாங்கும் நேரம் நாலு மடங்காகிறது. வேறு எந்த வசதிக்கும் இவ்வளவு மதிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காதுக்குள்ளேயே வைப்பதால் இயர்பட்தான் அதிகக் கெடுதல் என்கிறார்களே?

செவிப்பறைக்கு அருகில் இருப்பதால் மட்டும் கெடுதல் வந்துவிடாது. செவிப்பறையை வந்தடையும் ஒலி எவ்வளவு என்பதுதான் கணக்கு. ரப்பர் முனை நன்றாக அடைத்துக்கொண்ட இயர்பட்டில் குறைந்த வால்யூமே போதும். முனை இல்லாத வகையில் வெளி இரைச்சல் முழுக்க உள்ளே வரும், ஆகவே அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் பாட்டு கேட்பவர்தான் அதிகமாக ஏற்றுகிறார். ஹெட்போனும் அப்பாவி இல்லை. ஒலி வெளியே கசியும் ஹெட்போனை இரைச்சலான இடத்தில் பயன்படுத்தினால் அதே கதைதான்.

ஆனால் வேறு ஒரு விதத்தில் இயர்பட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். காதுத் துளையின் தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். குறும்பியை அதுவே வெளியே தள்ளிவிடும். நாள் முழுக்க அந்த வழியை அடைத்து வைத்தால் குறும்பி உள்ளேயே தங்கும், வியர்வை ஈரமும் சேரும், அரிப்பு வரும். காது அடிக்கடி அரிக்கிறவர்கள், நீர் வடிகிறவர்கள், காது குடைகிற பழக்கம் உள்ளவர்கள் ஹெட்போன் பக்கம் போவது நல்லது. வலியோ சீழோ இருந்தால் குணமாகும்வரை காதுக்குள் எதையும் வைக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

நாய்ஸ் கேன்சலிங் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

கருவியின் வெளிப்பக்கம் இருக்கும் மைக், சுற்றுப்புற இரைச்சலைக் கேட்கிறது. உள்ளிருக்கும் சிப், அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கரில் விடுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகி, இரைச்சல் அடங்கிப்போகிறது. யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936இலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. ஹெட்போனுக்குள் இதைக் கொண்டுவந்த கதையில், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் முக்கியமானவர். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தாண்டி எதுவும் சரியாகக் கேட்காமல் போக, இறங்குவதற்குள் கணக்குகளைக் காகிதத்தில் போட்டுவிட்டார் என்பார்கள். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது 1989இல் வந்தது. சாதாரண மக்கள் வாங்குகிற ஹெட்போனாக வந்தது 2000இல்.

இது எதை அடக்கும், எதை அடக்காது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. எஞ்சின் உறுமல், மின்விசிறி, ஏசி போன்ற தாழ்ந்த, ஒரே சீராக ஓடும் இரைச்சலை அபாரமாக அடக்கும். பக்கத்தில் இருப்பவரின் பேச்சு, குழந்தையின் அழுகை, பாத்திரம் விழும் சத்தம் இவற்றை அவ்வளவாக அடக்காது. காரணம் அலையின் நீளம். தாழ்ந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் மூன்றரை மீட்டர் நீளம், அதற்கு எதிரலை போட அவகாசம் நிறைய. மேல்சுருதியான 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஒரு சாண் கூட இல்லை, வெறும் 11 சென்டிமீட்டர். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினாலும் எதிரலை பொருந்தாமல் போய்விடும். ஆகவே மேல்சுருதி இரைச்சலைத் தடுப்பது மெத்தையின், ரப்பர் முனையின் வேலை. முனை சரியாக அடைக்காத இயர்பட்டில் எவ்வளவு பெரிய நாய்ஸ் கேன்சலிங் இருந்தாலும் பாதிப் பயன்தான்.

சிலருக்கு இதைப் போட்டதும் காதில் அழுத்தம் போல், லிஃப்டில் இறங்குவது போல் இருக்கும். உண்மையில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் திடீரென்று மறைவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. சில நாளில் பழகிவிடும். பழகவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், இந்த வசதி இல்லாத நல்ல ஓவர் இயர் ஹெட்போனே போதும்.

ஒலித்தரத்தில் எது மேல்?

ஒரே விலையில் இரண்டையும் வைத்து, அமைதியான அறையில் கேட்டால் பெரும்பாலும் ஹெட்போன் ஜெயிக்கும். ஹெட்போனுக்குள் ஒலியை எழுப்பும் டிரைவர் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் அகலம், இயர்பட்டில் 6 முதல் 12. இருந்தாலும் டிரைவர் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இயர்பட் அசைக்க வேண்டியது காதுத் துளையில் அடைபட்ட துளிக் காற்றைத்தான், அதற்குச் சின்ன டிரைவரே தாராளம்.

என் காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது வேறு. ஹெட்போனின் ஒலி காது மடலில் பட்டு, நம் மடலின் மடிப்புகளில் புரண்டு உள்ளே போகிறது. பாடகர் இங்கே, வயலின் அங்கே என்று கொஞ்சம் விரிந்த மாதிரி கேட்கும். இயர்பட் அந்த மடலைத் தாண்டி நேராகக் குழாய்க்குள் ஒலியை விடுவதால் எல்லாம் தலைக்கு நடுவில் நெருங்கி நிற்பது போல் இருக்கும். அதிலும் கிண்ணத்தின் பின்பக்கம் வலையாகத் திறந்திருக்கும் ஓபன் பேக் ஹெட்போன் இன்னும் விசாலமாகக் கேட்கும். 1968இல் சென்ஹைசர் ஹெச்டி 414 மூலம் பிரபலமான வகை இது. வீட்டில் தனி அறை இருந்தால் ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் உங்கள் பாட்டு முழுசாகக் கேட்கும், அவர் தும்மினால் உங்களுக்கும் கேட்கும்.

ரயிலில் போய்விட்டால் இந்த நுணுக்கமெல்லாம் இரைச்சலில் கரைந்துபோகும். அங்கே நன்றாக அடைக்கும் இயர்பட், விலை உயர்ந்த ஓபன் பேக் ஹெட்போனைவிட நூறு மடங்கு மேல்.

புது இயர்பட்டில் பேஸ் வரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பத்தில் ஒன்பது பேருக்கு அது முனையின் தப்பு. பெட்டியில் மூன்று அளவு முனைகள் கொடுத்திருப்பார்கள், நாமோ ஏற்கனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு விட்டுவிடுகிறோம். முனைக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி அதன் வழியாகக் கசிந்துபோகும். மிச்சம் இருப்பது சப்பென்ற தகர டப்பா ஓசை.

இப்படிச் செய்து பாருங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலின் மேல் நுனியை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். காதுத் துளையின் வளைவு நேராகும். அப்போது இயர்பட்டை உள்ளே வைத்து, கொஞ்சம் திருப்பி, மடலை விடுங்கள். பாட்டு எதுவும் போடாமல் சத்தமாகப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் அடைப்பு சரி. வழக்கம்போலக் கேட்டால் இன்னும் பெரிய முனை வேண்டும். ஒரு காதில் சரியாகி இன்னொன்றில் ஆகவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு வலது பக்கம் நடு அளவு, இடது பக்கம் பெரிய அளவு. இது தெரிய எனக்கே இரண்டு வருடம் ஆயிற்று, அதுவரை இடது பக்க இயர்பட் அடிக்கடி விழுகிறதே என்று அதைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எந்த ரப்பர் முனையும் பொருந்தாதவர்களுக்கு நுரை முனை தனியாகக் கிடைக்கிறது. விரலில் உருட்டி நசுக்கி உள்ளே வைத்தால் மெல்ல விரிந்து துளையின் வடிவத்துக்கே வந்துவிடும். சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

இயர்பட் போட்டுக்கொண்டு நடந்தால் காலடிச் சத்தம் தொம் தொம் என்று கேட்கிறதே?

துளையை அடைத்துவிட்டால் எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியே போக வழியில்லாமல் காதுக்குள்ளேயே சுழலும். மெல்லுவது, விழுங்குவது, காலடி எல்லாம் பெரிதாகக் கேட்கும். கருவியில் கோளாறு இல்லை. வெளி ஒலியை மைக் வழியாக உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பல இயர்பட்டில் குறையும்.

நாள் முழுக்கப் போட்டிருக்க எது சுகம்?

ஆளுக்கு ஆள் மாறும். என் அனுபவத்தில் ஓவர் இயர். ஹெட்போன் 250, 300 கிராம் இருக்கும், இயர்பட் ஒன்றுக்கு அஞ்சு கிராம்தான், அதனால் இயர்பட்தான் இதமாக இருக்கும் என்று முதலில் நினைப்போம். முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான். மூன்றாவது மணியில் துளைக்குள் ஒரு மந்தமான வலி தொடங்கும். மெத்தை காதைத் தொடாமல் சுற்றி உட்கார்ந்தால் அந்த வலி இல்லை.

ஹெட்போனுக்கு எதிரி வெப்பம். காற்றோட்டம் இல்லாத அறையில் தோல் மெத்தை காதைச் சுற்றி வியர்க்க வைக்கும். துணி மெத்தை வியர்க்காது, ஆனால் இரைச்சலைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விடும். கண்ணாடி போடுபவர்கள் கட்டாயம் தங்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்து, அந்தச் சந்தில் பேஸும் போகும், இரைச்சலும் உள்ளே வரும். போதாததற்கு மெத்தை காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தும், சாயங்காலம் தலைவலியாக வந்து நிற்கும். மெல்லிய காம்பும் மிருதுவான மெத்தையும் இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். தீராதவர்களுக்கு இயர்பட்தான்.

ஆன் இயர் வகையை நீண்ட நேரத்துக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. குருத்தெலும்பு வலிக்கும்.

போனில், ஆன்லைன் கூட்டங்களில் என் குரல் எதில் தெளிவாகப் போகும்?

வாய்க்கு அருகே நீண்டு வரும் தண்டு மைக் வைத்த ஹெட்செட்டில். அதை எதுவும் வெல்லாது. தண்டு இல்லாத ஹெட்போனிலும் இயர்பட்டிலும் மைக் காதருகே இருக்கிறது, வாய் அங்கே இல்லை. சிப் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் காற்றடிக்கும் இடத்தில் குரல் உடையும். எழுத்தாக்க எனக்கு வரும் பதிவுகளில் யார் எதில் பேசியிருக்கிறார்கள் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இயர்பட்டில் பேசியவரின் ச, ஸ, ஃ எல்லாம் ஒன்றாகவே கேட்கும். மூன்று முறை திருப்பிப் போட்டாலும் சில சொற்கள் பிடிபடாது.

கணினியில் ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்ததும் கேட்கும் ஒலியும் திடீரென்று பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடம், பேச்சுக்கு ஒரு தடம். மைக் வேண்டுமென்றால் தரம் குறைந்த பேச்சுத் தடத்துக்கு மாறியாக வேண்டும். கணினியின் சொந்த மைக்கை அமைப்பில் தேர்ந்தெடுத்துவிட்டால் காதில் கேட்பது பழையபடி நன்றாக இருக்கும்.

படம் பார்க்கும்போது வாயசைவும் பேச்சும் பொருந்தவில்லை.

ப்ளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்பட்டு வர 150 முதல் 250 மில்லிநொடி வரை ஆகலாம். படம் காட்டும் செயலிகள் பெரும்பாலும் இதைக் கணக்கிட்டுப் படத்தைத் தாமதப்படுத்திவிடும். விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. அதற்குத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு உள்ளதை வாங்குங்கள். இசைக் கருவி வாசிப்பவர்களும், ஒலி, ஒளி எடிட் செய்பவர்களும் வயர் ஹெட்போனைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நானும் வேலைக்கு வயர்தான்.

கோடெக், எல்டிஏசி, ஏஏசி என்று போட்டிருக்கிறதே, பார்க்க வேண்டுமா?

அவ்வளவாக வேண்டாம். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள்தான் இவை. எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும். சோனியின் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், ஆனால் ஐபோனில் அது கிடையாது, அங்கே ஏஏசிதான். போனிலும் கருவியிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் பயன். தவிர, பொருந்தாத முனையோடு எல்டிஏசி கேட்பதைவிடப் பொருந்திய முனையோடு எஸ்பிசி கேட்பது எவ்வளவோ மேல்.

எது நிறைய நாள் உழைக்கும்?

ஹெட்போன். சந்தேகமே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை ஓடியபின் கொள்ளளவு குறைவது தெரிய ஆரம்பிக்கும். நாளைக்கு 5 மணி நேரம் கேட்பவரின் இயர்பட் 5 மணி நேரம்தான் ஓடும் என்றால் தினமும் ஒரு முழுச் சார்ஜ். 400 சார்ஜ் என்பது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 30 மணி நேரம் ஓடும் ஹெட்போனுக்கு ஆறு நாளைக்கு ஒரு சார்ஜ். அதே 400க்கு ஆறரை வருடம் ஆகும். வயது ஏறினாலும் பேட்டரி தளரும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் பெரியது.

என் ஓர் இயர்பட்டின் இடது பக்கம் இரண்டாவது வருடத்தில் 40 நிமிடத்தில் நிற்க ஆரம்பித்தது. பழுது பார்க்கும் இடத்தில் திறக்க முடியாது, ஒட்டி மூடியது என்றார்கள். வலது பக்கம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பொருளை அப்படித் தூக்கிப் போட மனசு வரவில்லை, இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு வழி பிறக்கிறது. 2023இல் வந்த பேட்டரி விதிமுறைப்படி, சில விலக்குகள் தவிர, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். எல்லா இடத்துக்கும் இது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஹெட்போனில் முதலில் போவது மெத்தை. ஒரு நாள் கண்ணாடி பார்த்தபோது கன்னத்தில், காதோரத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. மசியோ என்று துடைத்தேன், மறுநாளும் இருந்தது. மெத்தையின் செயற்கைத் தோல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்று உதிர்ந்துகொண்டிருந்தது. புது மெத்தை ஒரு ஜோடி வாங்கி, பழையதன் விளிம்பைக் கிண்ணத்தின் பள்ளத்திலிருந்து நெம்பி எடுத்து, புதியதன் விளிம்பை அதே பள்ளத்தில் சுற்றி இழுத்து மாட்டினேன். பத்து நிமிட வேலை. அந்த ஹெட்போன் இன்றும் ஓடுகிறது. வாங்கும்போதே அந்த மாடலுக்கு மாற்று மெத்தை கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பொறுங்கள். ரப்பர் முனையைக் கழற்றி, குழாய் வாயில் இருக்கும் சின்ன வலையை வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறத்தில் குறும்பி அடைத்திருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷால் லேசாகத் தட்டித் தட்டித் துடையுங்கள், துகள் கீழே விழட்டும். ஊசியால் குத்தவோ வாயால் ஊதவோ கூடாது. ரப்பர் முனையைச் சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் சார்ஜ் ஊசிகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்ற புகாரும் பாதி தீரும்.

ஓடும்போது, உடற்பயிற்சியின்போது?

இயர்பட். ஹெட்போன் வழுக்கும், மெத்தை வியர்வையைக் குடித்து நாறும். ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், வியர்வைக்கு அது போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம். ஆனால் சார்ஜ் டப்பாவுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு இருக்காது, ஈரத்தைத் துடைத்துவிட்டே உள்ளே வையுங்கள்.

சாலையோரம் ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் காதை அடைக்கும் எதையும் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்டாக வேண்டும். துளையை அடைக்காத ஓபன் இயர் வகையோ, கன்னத்து எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் போன் (bone, எலும்பு) கண்டக்ஷன் வகையோ அங்கே சரி.

குழந்தைகளுக்கு?

ஹெட்போன். காதுத் துளை சின்னது, முனை பொருந்தாது, கழன்ற முனையைச் சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 75 டெசிபல், பெரியவர்களைவிடக் குறைவு. 85 டெசிபலுக்கு மேல் போகாது என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி அதே வால்யூமில் நாள் முழுக்க விட்டுவிடாதீர்கள். போனின் அமைப்பிலும் உச்ச வரம்பு வைக்கலாம்.

ப்ளூடூத் கதிர்வீச்சு தலைக்குக் கெடுதலா?

இயர்பட்டின் ப்ளூடூத் சில மில்லிவாட் ஆற்றலில் வேலை செய்கிறது. அழைப்பின்போது காதில் ஒட்டிப் பிடிக்கும் போன் அதைப்போலப் பல மடங்கு ஆற்றலை வெளியிடுகிறது. இரண்டுமே எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும் வகை இல்லை. கவலைப்பட வேண்டுமென்றால் வால்யூமுக்காகக் கவலைப்படுங்கள்.

போட்டுக்கொண்டே தூங்கலாமா?

பக்கவாட்டில் படுப்பவர்களுக்கு இரண்டும் ஒத்துவராது. தட்டையான ஸ்பீக்கரைத் துணிப் பட்டைக்குள் தைத்த வகை இருக்கிறது. இல்லாவிட்டால் தலையணை ஓரமாகப் போனையே மெல்லிய ஒலியில் வைத்து, தானாக நிற்கும் நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

ஒரு காதில்தான் எனக்குக் கேட்கும். எதை வாங்குவது?

எதை வாங்கினாலும் போனின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போய் மோனோ ஒலியைத் திறந்துகொள்ளுங்கள். ஸ்டீரியோவில் இடது பக்கம் மட்டும் வரும் கருவிகளும் குரல்களும் இருக்கும். மோனோவில் எல்லாம் இரண்டு பக்கமும் வரும், எதையும் இழக்க மாட்டீர்கள். இயர்பட் என்றால் ஒன்றை மட்டும் போட்டு மற்றதைச் சார்ஜில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று தோன்றும், ஆனால் இடது வலது வடிவம் வேறு, கேட்கும் காதுக்கு ஒன்றுதான் பொருந்தும். மிதமான காது மந்தம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஏர்பாட்ஸ் ப்ரோ 2ஐக் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது.

வாங்கியபின் எனக்கு இது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வீட்டில் அமைதியான அறையில் ஒருவர் பேசும் பதிவு ஒன்றைப் போட்டு, சிரமமில்லாமல் புரியும் அளவுக்கு வால்யூமை வைத்து, எத்தனை படி என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டாம், தெரிந்த பாட்டென்றால் கேட்காத இடத்தை மூளையே நிரப்பிவிடும். அப்புறம் நீங்கள் தினமும் கேட்கும் இடத்துக்கு, அந்தப் பேருந்துக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுபோய், அதே பதிவு அதே தெளிவோடு புரிய எத்தனை படி ஏற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு படி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு படி ஏற்ற வேண்டியிருந்தால் முதலில் முனையை, மெத்தையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லையா, பில்லை எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிடுங்கள்.